அவுக சாமி கோயில்

கம்பம் பள்ளத்தாக்கில் கிரிமினல் வக்கீலாக இருந்தவனுக்குப் பாதி ஆயுள் பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் கழிந்தது. மாஜிஸ்திரேட் ஊர் ஊராக முகாம் போவார். கேஸ் கட்டுகளும் அவர் பின்னாலேயே போகும். உத்தமபாளையத்தில் விசாரணை என்று நம்பிச் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போனால், "எஜமான் கடமலைக்குண்டு முகாம்" என்று கோர்ட்டு டவாலி அலட்டிக்கொள்ளாமல் சொல்வான். போலீஸ் தரப்புச் சாட்சிக்குக் கான்ஸ்டபிள் துணை உண்டு. எங்கள் சாட்சி அறுவடையை விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். சாட்சி சொன்ன பிறகு அதே ஊரில் அதே பெரிய மனிதர்கள் முகத்தில் விழிக்கவும் வேண்டும்.

இதற்கெல்லாம் நான் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு மறந்தும் போயிருக்கிறேன். ஒரு கேஸை மட்டும் மறக்க முடியவில்லை. அது ஒரே ஒரு சொல்லில் தோற்ற கேஸ்.

என் கட்சிக்காரன் ஒரு சின்னச் சம்சாரி, கொஞ்ச நிலத்தை உழுது பிழைக்கிறவன். வாய்க்கால் தண்ணீருக்காக ஊர்ப் பெரிய பண்ணைக்காரரோடு அவனுக்கு வாய்த் தகராறு. நாலு நாளில், பொழுது சாயும் நேரத்தில், பண்ணைக்காரரின் வைக்கோல் படப்பு எரிந்தது. பண்ணையாட்கள் இரண்டு பேர், இவன் தீப்பந்தத்தோடு ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். உண்மையில் அந்த நேரத்தில் இவனும் பெண்சாதியும் மலையடிக் கோயில் ஒன்றில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு அம்மை இறங்கியதற்கு நேர்த்திக்கடன். விசேஷ நாள் இல்லாததால் பூசாரியைத் தவிர வேறு ஆள் இல்லை. பூசாரியோ பண்ணைக்காரரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர். நான் தேடிப்போனபோது, "நான் பிள்ளைகுட்டிக்காரன், என்னைய விட்ருங்கய்யா" என்று கும்பிட்டார். மிஞ்சியது பெண்சாதியின் சாட்சி ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல். மலையடியில் இரண்டு கோயில்கள். ஒன்று இவர்கள் போனது, எட்டத்தில் இருந்தது. இன்னொன்று பண்ணைக்காரரின் குலசாமி, எரிந்த படப்புக்கு அடுத்தாற்போல இருந்தது. எந்தக் கோயில் என்பதுதான் கேஸே. இவர்கள் போன கோயிலின் சாமிக்கும் அவள் புருஷனுக்கும் ஒரே பெயர். அந்தச் சாமியிடம் வேண்டிப் பிறந்த பிள்ளை அவன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்தப் பெயரையே வாயில் எடுக்க மாட்டார்கள். என்னிடம் அவள், "அவுக சாமி கோயிலுங்க" என்றாள். 'அவுக' என்றால் புருஷன் என்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோர்ட்டில் எட்டத்துக் கோயில் என்று சொல்லு என்று சொல்லி வைத்தேன். தலையாட்டினாள்.

மாஜிஸ்திரேட் தெலுங்கு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். பரீட்சை எழுதிப் பாஸ் செய்த தமிழ் அவருடையது. நல்ல மனிதர், சிடுசிடுப்பு இல்லாதவர். சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். போலீஸ் தரப்பில் கேஸை நடத்திய கோர்ட்டு இன்ஸ்பெக்டர் உள்ளூர்க்காரர், மகா கெட்டிக்காரர். பெயர் சொல்லாத வழக்கம் தெரிந்திருந்தே கேட்டார்.

"பண்ணைக்காரர் வாய்க்காலை அடைச்சாருன்னு உன் புருஷனுக்குக் கோபமா?"

"அவுக பெரியவுக, அடைச்சாக. நாங்க என்னங்க செய்ய?"

"அன்னிக்கு எந்தச் சாமி கோயில்ல இருந்தீங்க?"

நாங்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்தப் பதற்றத்தில் பறந்துவிட்டது. "அவுக சாமி கோயிலுங்க" என்றாள்.

மாஜிஸ்திரேட்டின் பேனா ஓடியது. முதலில் சொன்ன 'அவுக' பண்ணைக்காரர், பின்னால் சொன்னது புருஷன். பள்ளத்தாக்கில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மாஜிஸ்திரேட்டின் காகிதத்தில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். பண்ணைக்காரரின் குலசாமி கோயிலில், படப்புக்குப் பக்கத்திலேயே இருந்ததாக அவள் ஒப்புக்கொண்டதாய் எழுத்தில் ஏறிவிட்டது.

மறு விசாரணைக்கு எழுந்தேன். "அவுகன்னா யாரும்மா?"

"அவுகதாங்க" என்று தலையைக் குனிந்தபடி அந்தப் பக்கம் மோவாயைக் காட்டினாள். அந்தப் பக்கம்தான் அவள் புருஷன் இருந்த கூண்டு. கூண்டுக்குப் பக்கத்திலேயே பெஞ்சியில் பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"உன் வீட்டுக்காரரையா சொல்றே?" என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். பதிலை வக்கீலே சாட்சியின் வாயில் ஊட்டுகிறார் என்றார். மாஜிஸ்திரேட் ஆமோதித்தார். குற்றப்பத்திரிகையின் முதல் வரியில் இருக்கும் எதிரியின், அதாவது என் கட்சிக்காரனின், பெயர்தான் அந்தக் கோயிலின் பெயர் என்று நான் மன்றாடினேன். "சாட்சி சொன்னால் எழுதுகிறேன். வக்கீல் சொல்வதை எப்படி எழுதுவது?" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

படப்புக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பார்த்தேன். "எட்டத்துலங்க" என்றாள். "தூரம் இருக்கட்டும். கோயிலின் பெயர் என்ன?" என்று மாஜிஸ்திரேட்டே கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கூண்டிலிருந்து புருஷன் கத்தினான்: "சொல்லு புள்ள! எனக்கு ஒண்ணும் ஆகாது, சொல்லு!" கான்ஸ்டபிள் அவனை அதட்டி உட்கார வைத்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வேணாஞ் சாமி. அவுக நல்லா இருக்கணும்."

சாட்சி பெயர் சொல்ல மறுக்கிறாள் என்று அவர் எழுதினார். எனக்குக் கோபம் அவள் மேல் வரவில்லை. தன் புருஷனைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதை எந்த பாஷையில் எந்தக் காகிதத்தில் எழுதச் சொல்வது? இரண்டு வருஷம் கடுங்காவல் விழுந்தது. மதுரையில் அப்பீல் செய்தேன். ஜட்ஜ் வெள்ளைக்காரர், காகிதத்தில் இருந்ததைப் படித்தார், இல்லாததை நான் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார், தள்ளுபடி செய்தார்.

அதற்குப் பிறகு அவள் புருஷனைப் பார்க்கத் தனியாக மதுரை ஜெயிலுக்குப் போயிருக்கிறாள். வாசலில் வார்டர், யாரைப் பார்க்கணும், பேர் என்ன என்று கேட்டிருக்கிறான். பகல் முழுக்க அங்கேயே நின்றுவிட்டு, பார்க்காமலே திரும்பி வந்துவிட்டாள். கேள்விப்பட்டு எனக்கு மனசு ஆறவில்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு சீட்டில் பெயரை எழுதிக்கொடுத்து, அடுத்த முறை இதைக் காட்டு, வாய் திறக்கவே வேண்டாம் என்றேன். முந்தானையில் பத்திரமாக முடிந்துகொண்டு போனாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் என் ஆபீஸ் வாசலில் நனைந்தபடி வந்து நின்றாள்.

"என்னம்மா, பார்த்தியா? சீட்டைக் காட்டினியா?"

அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். தயக்கமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரன் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். மிச்சத்தை அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"பேதி கண்டு போயிட்டாகளாம்யா. நான் போறதுக்குள்ள ஜெயில்காரவுகளே பொதைச்சிட்டாக."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஈரச் சேலையைப் பிழியக்கூட இல்லை. மறுபடியும் அந்தப் பெயரை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"அந்தக் கோர்ட்டு ஐயாகிட்டச் சொல்லுங்கய்யா. இப்பச் சொல்றேன், எழுதிக்கிடட்டும்."