ஒரு கிதாருக்கு இரண்டு சீட்டு

கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி பார்க்கப் போகிறவர்கள் பாடுகிறவனைப் பார்ப்பார்கள், தபலாக்காரனைப் பார்ப்பார்கள், சில பேர் வெட்கமே இல்லாமல் பாடுகிற பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிதார்க்காரனின் காலடியில் குத்துக்காலிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் யார் என்று கேட்டவர் ஒருவரும் கிடையாது. கேட்கவும் வழியில்லை. பாலக்காட்டு சாம்பசிவன் தன்னுடைய குழுவின் பெயர் எழுதிய துணியை அவளுக்கு முன்னால்தான் இழுத்துக் கட்டுவார். துணிக்குப் பின்னால் இருந்தவள் முத்தாத்தாள், கிதார் வாசித்த சென்னியப்பனின் சம்சாரம்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் சென்னியப்பனின் இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே பூமியும் கிணறும் உள்ள குடும்பம்தான். ஆனாலும் காட்டில் இறங்கிப் பாடுபட முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மூலையில் உட்கார வைத்தார்கள். அவனும் சும்மா இருக்கவில்லை, பக்கத்து மாதா கோயில் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து கிதார் பழகிக்கொண்டான். அடேயப்பா, அந்த விரல்களுக்குத்தான் எத்தனை வேகம்! அந்த வேகத்தைப் பார்த்து யாரும் பெண் கொடுக்கவில்லை. அண்ணன் குப்பண்ணனுக்குக் காட்டு வேலைக்கும், அண்ணி சரஸ்வதியம்மாளுக்கு மாட்டுக் கட்டுத்தறி வேலைக்கும் கூலி கேட்காத ஒரு ஆள் வேண்டியிருந்தது. தகப்பனில்லாத முத்தாத்தாள் அகப்பட்டாள். கல்யாணம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

விடிந்தால் சாணி, வெயில் ஏறினால் கடலைக்காடு, பொழுது சாய்ந்தால் எருமைகள். அண்ணி வாயைத் திறந்தால் பேச்சு, மூடினால் முறைப்பு. சென்னியப்பன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் என்ன செய்வான், பாவம், அவன் சோறே அந்த வீட்டுச் சோறு.

எழுபதுகளின் தொடக்கத்தில் சாம்பசிவன் அவனைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அப்போது வந்த சினிமாப் பாட்டுகளுக்கு வெறும் கிதார் போதாது. சத்தத்தைக் கரகரப்பாக்க ஒரு பெட்டி, அழ வைக்க ஒரு பெட்டி, எதிரொலிக்க ஒரு பெட்டி என்று மூன்று வேண்டும். மூன்றும் காலால் மிதிக்கிறவை, மிதிக்கத்தான் அவனுக்குக் கால் இல்லை. எங்கிருந்தோ சாம்பசிவன் இரவல் வாங்கிவந்த பெட்டிகளைச் சாமான் தூக்குகிறவன் ஒருவன் கையால் அழுத்திப் பார்த்தான். அழ வேண்டிய இடத்தில் கிதார் கரகரத்தது. முத்தாத்தாளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். இரண்டே கச்சேரியில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவன் தோள் லேசாக இறங்கினால் எந்தப் பெட்டி என்று அவள் கைக்குத் தெரியும். கொஞ்ச நாளில் தோளைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

அழுகிற பெட்டிதான் அவளுக்குப் பிரியம். அதை அழுத்தி அழுத்தி மெல்ல விட வேண்டும். அவன் தந்தியைச் சுண்டினால் அழுகை அவள் உள்ளங்கையிலிருந்து கிளம்பும். கூட்டம் விசிலடிக்கும். அந்த விசிலில் பாதி தன்னுடையது என்று முத்தாத்தாள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்தாள், நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் இலை போட்டு உட்கார வைத்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இன்னொருத்தி பரிமாறி அவள் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு கேட்கலாமா என்று தெரியாமல் முழித்தாள். கேட்காமலே வைத்தார்கள். வேனில் திரும்பும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த சென்னியப்பன், மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டான்.

இரவல் பெட்டிகளுக்குச் சொந்தக்காரன் ஒருநாள் வந்து எடுத்துப்போனான். இனி சொந்தமாக வாங்க வேண்டும். பாலக்காட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சுவக்கீன் இந்த மாதிரிச் சாமான்களைத் தானே செய்துகொடுப்பான். சென்னியப்பனும் முத்தாத்தாளும் போனபோது அவனிடம் இரண்டு விதம் தயாராக இருந்தது. ஒன்று, பழையபடி பேட்டரியில் ஓடும் மூன்று தனித்தனிப் பெட்டிகள். இன்னொன்று, மூன்றையும் உள்ளே அடக்கிக் கரண்டில் ஓடும் ஒரே பெட்டி. அதை நாற்காலிக் கையோடு திருகி வைக்கலாம், வாசித்துக்கொண்டே முழங்கையால் தட்டினால் சத்தம் மாறும். காலும் வேண்டாம், வேறு கையும் வேண்டாம் என்று சுவக்கீன் பெருமையாகச் சொன்னான். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேறு கையும் வேண்டாம் என்றதைக் கேட்டதும் முத்தாத்தாள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். கட்டுத்தறி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சென்னியப்பன் அவளை வாசலில் போய் நிற்கச் சொன்னான். பக்கத்தில் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் ஏமாற்றும், தூரத்தில் நின்று கேட்டுச் சொல், உன் காதுதான் எனக்குக் கணக்கு என்றான். அவள் தெருவில் நின்றாள். முதலில் மூன்று பெட்டிகளை வைத்து வாசித்தான், சுவக்கீன் அழுத்திக்கொடுத்தான். ஒயர்களில் ஒரு இரைச்சல் கூடவே வந்தது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது டொக்கென்றது. அடுத்து ஒற்றைப் பெட்டி. இரைச்சல் இல்லை, டொக்கு இல்லை. கரகரப்பு அப்படியே கரைந்து அழுகையாகி, அழுகை எதிரொலித்துக்கொண்டே எதிர்ச்சாரிக் கடை வரைக்கும் போயிற்று. துணிக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். முத்தாத்தாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது, பாழாய்ப்போனது.

அவள் உள்ளே வந்தாள்.

"மூணு பெட்டிதானுங்க நல்லாருக்குது. அந்த ஒத்தப் பெட்டியில சத்தம் அடைக்குதுங்க."

சுவக்கீன் தலையைத் தூக்கி அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். சென்னியப்பனும் பார்த்தான். பிறகு குனிந்து ஒரு தந்தியை முறுக்கிச் சரிபண்ணிவிட்டு, மூன்று பெட்டிகளையும் கட்டித் தரச் சொன்னான்.

பொய் சொல்லி வாங்கிய அந்தக் காலம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அவள் மாட்டுப்பட்டி அணையைப் பார்த்தாள், மூடுபனியைப் பார்த்தாள், மேடைக்குப் பின்னால் பால் கலக்காத கட்டன்சாயா குடித்தாள். ஆனால் ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த இரைச்சல் கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்றது. மலைச் சாரலில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், ஒயர் முனை களிம்பேறிப் பச்சை பூக்கும். அவள் முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தாள். சாம்பசிவன் வேனில் ஏறும்போதெல்லாம் ஆட்களை எண்ணிவிட்டு முகத்தைச் சுளிப்பார். ஒரு டிரம்பெட்காரரைச் சேர்க்கலாம் என்றால் இடமில்லை. ஒரு சீட்டு முத்தாத்தாளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சக்குபள்ளத்தில் ஒரு கோயில் திருவிழா. ஏலக்காய்த் தோட்டங்களிலிருந்து ஜனம் குவிந்திருந்தது. நல்ல பாட்டு ஒன்றின் நடுவில், கிதார் தனியாக அழ வேண்டிய இடத்தில் முத்தாத்தாள் அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். கொரகொரவென்று ஒரு சத்தம், அதோடு கிதாரே ஊமையாகிவிட்டது. மூன்றும் ஒரே ஒயரில் கோத்தவை, ஒன்று போனால் எல்லாம் போச்சு. அவள் ஒயரைப் பிடுங்கினாள், செருகினாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். கூட்டம் கூவ ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக் கூவல் லேசுப்பட்டதல்ல, மேடையில் இருப்பவனை உரித்துப் போட்டுவிடும். சென்னியப்பன் ஊமைக் கிதாரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்களைப் போல எழுந்து மேடைக்குப் பின்னால் போக அவனால் முடியவில்லை.

அடுத்த வாரமே சாம்பசிவன் வீட்டுக்கு வந்தார். வண்டிப்பெரியாரில் சூசையப்பன் என்று ஒரு இளவட்டம் கிடைத்திருக்கிறான், சுவக்கீன் கடையில் விற்காமல் கிடந்த ஒற்றைப் பெட்டியை அவன்தான் வாங்கியிருக்கிறான் என்றார்.

"வருத்தப்படாதே சென்னியப்பா, கேட்டையா. வாசிப்புல நோக்கு ஒரு கொறையும் இல்லை. ஆனா ஒரு கிதாருக்கு ரெண்டு சீட்டுன்னா எனக்குக் கட்டாது. அவன் தனியா வரான், பெட்டியை மடியில வச்சுண்டு வரான்."

சென்னியப்பன் தலையாட்டினான். சுவக்கீனிடம் இன்னொரு ஒற்றைப் பெட்டி செய்யச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். முதல் தடவையே குப்பண்ணன் பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரிதான் பணம் கொடுத்தார். கூவல் வாங்கி வந்த தம்பிக்கு இரண்டாம் தடவை கொடுப்பாரா? வேறு குழுக்களும் சக்குபள்ளத்துச் சங்கதியைக் கேள்விப்பட்டிருந்தன. யாரும் கூப்பிடவில்லை. கிதாரைச் சென்னியப்பன் தான் பழகிய மாதா கோயிலுக்கே கொடுத்துவிட்டான்.

முத்தாத்தாள் கட்டுத்தறிக்குத் திரும்பினாள். சரஸ்வதியம்மாள் இரண்டு வருஷ வேலையையும் சேர்த்துவைத்து வாங்கினாள். கடலை பிடுங்குகிற காலம் வந்தது. பிடுங்கிய செடிகளைக் களத்தில் கொண்டுவந்து குவித்தார்கள், சென்னியப்பனைக் குவியலுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். காய் ஆய்வதற்குக் கால் வேண்டாமே. அந்த விரல்கள் செடியிலிருந்து காய்களை உருவுகிற வேகத்தைப் பார்த்துக் குப்பண்ணனுக்குப் பரம திருப்தி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். தம்பியால் வீட்டுக்கு ஒரு பிரயோசனம் என்று இப்போதுதான் அவர் சொன்னார்.

முத்தாத்தாளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில், மற்ற ஆட்கள் சாப்பிடப் போன சமயம் பார்த்து, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டட்டும், அடிக்கட்டும், இனித் தாங்காது என்றிருந்தது அவளுக்கு.

"ஏனுங்க, அன்னைக்குச் சுவக்கீன் கடையில நான் பொய் சொல்லிப் போட்டனுங்க. ஒத்தப் பெட்டிதான் நல்லாருந்துச்சு."

அவன் கை நிற்கவில்லை. காய்கள் கூடையில் விழுந்துகொண்டே இருந்தன.

"தெரியும். எனக்கென்ன காது செவிடா?"

அப்புறம் ஏன் அந்த மூன்று பெட்டியை வாங்கினீர்கள் என்று அவள் கேட்டாள்.

"வாசல்ல நின்ன பாரு, அந்த மூஞ்சியப் பாத்தேன். இவ வரட்டும்னு நெனச்சேன்."

இரண்டு வருஷமாக நெஞ்சில் சுமந்தது மொத்தமும் கரைந்து வழிய, முத்தாத்தாள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஒரு நிமிஷம் அவளைப் போலப் பாக்கியசாலி யாருமில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த செடியை எடுத்து உதறி மண்ணைத் தட்டினான்.

"இன்னைக்குன்னா ஒத்தப் பெட்டியத்தான் வாங்குவேன்," என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவளும் சூடாக ஏதாவது சொல்லியிருப்பாள். முத்தாத்தாள் அவன் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள்.

"அதுதானுங்க சரி," என்றாள். நிறைந்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, காலிக் கூடையைக் கொண்டுவந்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.