இடது பக்க சீட்டும் ஒரு மரக்கட்டையும்

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். தேநீர். முற்றத்து மழைமானியைப் பார்த்து அளவை டயரியில் குறித்தேன். பிறகு காரின் எஞ்சின் ஒயில், ரேடியேட்டர் தண்ணீர், நான்கு டயர். ஞாயிறு தவறாத வரிசை இது. ஆறரைக்குப் பத்திரிகைக்கான இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: ‘சில கார்கள் மட்டும் எத்தனை வருடமானாலும் ஸ்டைலாகவே இருக்கின்றனவே... எப்படி?’

எனக்கா பதில் தெரியாது? மளமளவென்று எழுதினேன். ஜீப், போருக்காகச் செய்தது. மினி, பெட்ரோல் தட்டுப்பாட்டுக்கு. பீட்டில், சாதாரணக் குடும்பத்துக்கு. எதுவுமே அழகுக்காகப் பிறக்கவில்லை. கொடுத்த வேலையை அலட்டாமல் செய்தன – அதுதான் ஸ்டைல்! அடிக்கோடும் போட்டேன்.

ஒன்பது மணிக்கு நானும் மனைவி மல்லிகாவும் ஹட்டனிலிருந்து கிளம்பினோம். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில், அவளுடைய அண்ணன் செல்வத்தின் பேத்திக்குக் காதுகுத்து. வண்டி, என் பழைய மொரிஸ் மைனர்.

கோயில் ஏற்றத்தில் எதிரே ஒரு பஸ். நிறுத்தினேன். வயதான காரின் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி ஏற்றத்தில் நிற்க முடியுமா? மல்லிகா இதற்கென்றே எப்போதும் மடியில் வைத்திருக்கும் மரக்கட்டையோடு இறங்கி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பஸ் போனது. நான் காரை எடுத்தேன். எடுத்த வண்டியைச் சமதரை வரும்வரை நிறுத்தக் கூடாது. ஆகவே, வழக்கம்போல, நான் காரில்... அவள் கட்டையைத் தூக்கிக்கொண்டு மழையில், நடந்து.

மேலே மச்சான் செல்வம் குடையோடு நின்றார்.

“காருன்னா இது காரு மச்சான்! என்னா ஸ்டைலு!”

மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் மல்லிகா. சேலையில் முழங்கால் வரை சேறு.

“ஆமாண்ணே, நல்ல ஸ்டைலுதான். இந்தாங்க, அடுத்த தடவ நீங்க கட்டையத் தூக்கிக்கிட்டு வாங்க.”

செல்வம் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், காலையில் எழுதியதைப் பெருமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

“ஏங்க, அந்தக் காருகள்ல ஒண்ணுலயாச்சும் எடது பக்கம் ஒக்காந்து பாத்திருக்கீங்களா?”

“இல்ல...”

“நான் லைசன்ஸ் எடுத்து பதினோரு வருசம். ஒரு நாளாச்சும் சாவியக் குடுத்தீங்களா? எனக்கு ஏத்தத்துல எடுக்க வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நாளைக்கு நான்தான் ஓட்டுவேன். இல்லாட்டி இனிமே இதுல ஏறவே மாட்டேன். பஸ்ஸுல போயிக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து பதினோரு வருட டயரிகளைப் புரட்டினேன். ஒயில் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், பெயின்ட் அடித்த நாள் – எல்லாம் இருந்தன. அவள் ஓட்டிய நாள்? ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டையைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

எந்தக் கார் ஸ்டைல் என்று உலகத்துக்குச் சொன்னவர்களெல்லாம் என்னைப்போல ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்தானோ? கொடுத்த வேலையை அலட்டாமல் செய்வதுதான் ஸ்டைல் என்றால்... எங்கள் விஷயத்தில் அது காருக்கு வெளியே நடந்து வந்திருக்கிறது.

அடிக்கோடு போட்ட வரியை அடித்தேன்.

திங்கட்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக – மழைமானியைக்கூடப் பார்க்காமல் – சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். மடியில் கட்டையோடு.