கொம்பனும் மொட்டையனும்

கேதீஸ்வரி டீச்சருக்கு அழுகைக்கு முன்னே ஆத்திரம்தான் வரும். பெரியகல்லாற்றில் சுனாமியாய்ப் புகுந்த கடல் அவளுடைய ஒரே மகள் மேனுகாவைக் கொண்டுபோன பிறகு, அந்த ஆத்திரமெல்லாம் ஒரு சாணி வண்டின் மேல் திரும்பியது.

சுண்டுவிரல் நகமளவுகூட இல்லாத, பச்சையாய் மினுங்கும் வண்டு. வவுணதீவில் மச்சான் யோகராசாவின் எருமைப் பட்டியில் அதை முதலில் கண்டெடுத்தவள் மேனுகாதான். எந்தப் புத்தகத்திலும் அந்த வண்டு இல்லை. புதிய இனம் என்று உறுதியானால் மகளின் பெயரையே வைக்கலாம். கொள்ளி வைக்கவும் உடல் கிடைக்காத பிள்ளைக்கு, இந்த மண்ணில் ஒரு பெயராவது மிஞ்சட்டும்!

பூச்சியியல் பேராசிரியரோ ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைக் காட்டாமல் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார். அது வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும்: வளைந்த, கெட்டியான பழுப்புக் குழாய், நுனியில் குறடு போல இரண்டு மடல்கள், உள்ளே மடிந்து கிடக்கும் மெல்லிய பை. வெளியில் ஒன்றுபோல் தெரியும் வண்டுகளுக்கும் இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும், பூட்டுக்குப் பூட்டு சாவி மாறுவதுபோல.

யோகராசா தயிர்ச் சட்டிகளோடு பாலம் கடந்து வரும்போதெல்லாம் வண்டுப் போத்தலும் வந்தது. தலையில் கொம்புள்ள வண்டைப் பட்டிக்காரர் கொம்பன் என்பார்கள். மற்றது மொட்டை. "கொம்பன் மட்டும் கொண்டாங்க மச்சான்" என்று சொன்னவள் கேதீஸ்வரிதான். மொட்டை கலந்து வந்தால் வேலிக்கு அப்பால் வீசிவிடுவாள்.

கொம்பனைச் சுடுநீரில் ஊறவைத்து, வளைந்த ஊசியை வயிற்றின் நுனியில் விட்டு இழுப்பாள். மென்சதை பிய்ந்து வரும். குழாய் வராது. ஊசி சரியில்லை என்பாள், வழியிலேயே அழுகிவிட்டது என்பாள், தன் கையையே திட்டுவாள்.

"என்ன மச்சாள், ஆம்புளச் சாமான் இன்னும் அம்பிடல்லயா?" என்று யோகராசா சிரிப்பான். "டீச்சர் என்னத்தத் தேடுறா எண்டு ஊருக்குள்ள கேக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ற?"

"வாயக் கழுவுங்க மச்சான்!"

ஒருமுறை சோதனைச் சாவடிச் சிப்பாய், வண்டு கெடாமலிருக்க ஸ்பிரிட் ஊற்றிய போத்தலை மோந்து பார்த்து, கசிப்புச் சாராயமென்று நினைத்துக் கொட்டிவிட்டான். பிறகு சண்டை மூண்டது. பாதை அடைபட்டது. யோகராசா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான், எருமைகள் சிதறின. யுத்தம் முடிந்து, மிஞ்சியவற்றைச் சேர்த்து அவன் மீண்டும் பட்டி அடைத்ததும், கேதீஸ்வரி ஊசியோடு தானே பாலம் கடந்து போனாள்.

யோகராசா பால் கறந்துகொண்டிருந்தான். வளைந்து பருத்த கொம்புகளோடு எருமை அசைபோட்டது. கேதீஸ்வரி அந்தக் கொம்புகளையே பார்த்தபடி நின்றாள்.

"மச்சான்... இது பொம்புள மாடுதானே?"

"பின்ன? கடாவிலயா பால் கறக்கிறன்? வெயில் தலைக்கேறிட்டா மச்சாள்?"

அவள் சாணியில் முழங்காலிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக மொட்டை வண்டைத் தேடினாள். அடுப்பிலிருந்த வெந்நீரில் அதைப் போட்டெடுத்து, ஊசியை விட்டு இழுத்தாள்.

பழுப்புக் குழாய் வந்தது. முழுதாய், இரண்டு மடல்களோடு.

இந்த வண்டில் கொம்பு பெண்ணுக்குத்தான்! கொம்பன் என்ற ஒரு சொல்லை நம்பி, இத்தனை வருடமும் பெண் வண்டுகளின் வயிற்றையே கிழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதே பட்டியில் உள்ளங்கையில் ஒரு வண்டை ஏந்திக்கொண்டு மகள் ஓடிவந்தது அவள் கண்முன் வந்தது.

"அம்மா, மொட்டையன்!"

"மொட்டையன் இல்ல மகள், மொட்டச்சி. அது பொம்புள வண்டு. எறிஞ்சிட்டுக் கொம்பனக் கொண்டா."

பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் எறிந்தாள்.

கேதீஸ்வரி குழாயைப் போத்தலுக்குள் இட்டு இறுக மூடினாள். பிறகு இரண்டு கையாலும் நிலத்தில் ஓங்கி அறைந்தாள்.

யோகராசா பதறிப்போய் எழுந்து வந்தான். "கிடைச்சிட்டுத்தானே மச்சாள்! இனிப் புள்ளட பேர வைக்கலாமே. பிறகு ஏன் அழுறீங்க?"

"அழல்ல மச்சான்." சாணி அப்பிய புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "ஆத்திரம். அவள் சரியாத்தானே சொன்னவள்!"