பெருவிரல் மறைத்த மூலை

இந்த வெளிநாட்டு நகரத்தின் நடுவிலுள்ள பொலிதேயாமா சதுக்கத்துக்குப் போகும் காலைப் பேருந்தில் திங்கட்கிழமைதோறும் அவர் என் பக்கத்தில் வந்து இருப்பார். மழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. வீடு துடைக்கப் போகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருந்த கையோடு போனை எடுத்து, ஜப்பானில் வேலை செய்யும் மனைவியும் மகளும் ஞாயிறன்று பூங்காவுக்குப் போன படத்தைக் காட்டுவார். நீல விரிப்பு, சோற்று உருண்டைகள், சிரிக்கும் இரண்டு முகங்கள். படத்தின் கீழ் மூலையில் எப்போதும் அவருடைய பெருவிரல் இருக்கும்.

“தங்கச்சி, அங்கை புல்லிலை விரிச்சாலும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் ஏறுவினம்,” என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னார்.

“ஆர் அண்ணை படம் எடுக்கிறது?”

“வழியாலை போற ஆரும் எடுத்துக் குடுப்பினம்.”

பிறகொரு நாள் பேருந்து திடீரென்று நின்றதில் அவருடைய விரல் விலகியது. விரிப்பின் ஓரத்தில் மூன்று சோடிச் சப்பாத்துகள். ஒன்று ஆணுடையது, பெரியது, கறுப்பு.

நான் பார்த்ததை அவரும் கண்டுவிட்டார்.

“ஒரு வருசமா அதே சப்பாத்துத்தான்,” என்றார். “மனிசி சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனைவியிலா, இத்தனை நாளும் என்னை ‘வடிவான குடும்பம்’ என்று சொல்லவைத்த இவரிலா, தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை புதுப் படத்தோடு வந்தார்.

“வடிவாயிருக்கோ, தங்கச்சி?”

“ஓம் அண்ணை,” என்றேன்.

பெருவிரல் அதே மூலையில் இருந்தது. நான் பார்த்துவிட்ட பிறகும் அவர் அதை யாரிடமிருந்து மறைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.