ரேடியேட்டருக்கு முன்னால் முனியாண்டி

எழுதிப் பழகாத கை இது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வாக்கியம் கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னே நடந்தது பின்னேயும் வரும், மறதி அப்படி. ஆனால் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் சாய்த்து வைத்திருக்கும் தகரத் தகட்டை மறக்க எனக்கு வழியில்லை. ஒரு முழத்துக்கு மேல் நீளம். முன்பக்கம் மீசையும் அரிவாளுமாக முனியாண்டி. பின்பக்கம் பெயிண்ட் வெந்து, பொரிந்து, பழுப்பேறிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை துடைக்கும்போது அந்தப் பின்பக்கம் கையில் பட்டாலே, போய்ச் சேர்ந்துவிட்ட எங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

பகாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. நான் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்தில் வேலை. எண்பதுகளின் நடுவில், மேனேஜருக்கு அடுத்தவரான சின்ன துரை மாற்றலாகிப் போனபோது, தன்னுடைய பழைய குட்டி ஜீப்பை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். நாலு சக்கரமும் இழுக்கும், சேறாவது மேடாவது என்று இவருக்கு ஒரே பெருமை. சீட்டுப் பணம் அதில் போயிற்று. வாங்கிய முதல் வாரமே பிரேக் பிடிக்கவில்லை. ரப்பர் பால்மரக் காட்டுச் சரிவில் இறங்கிய வண்டி, முனியாண்டி கோயில் மரத்தில் முட்டித்தான் நின்றது. இவருக்கு ஒரு கீறல் இல்லை. அன்றைக்கே நேர்ந்துகொண்டார், சாமியை வண்டிக்கு முன்னால் வைத்தே ஓட்டுவேன் என்று. தகரத்தை வெட்டி, போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்து முனியாண்டியை எழுதி வாங்கி, வண்டி மூக்கில் இருக்கும் கம்பித் தட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அதற்குப் பிறகு நான் நிம்மதியாக அந்த வண்டியில் ஏறியதில்லை.

பழைய வண்டிக்கு வருகிற நோய் எல்லாம் அதற்கும் வந்தது. கிளட்ச் தேய்ந்து மேட்டில் உறுமும், நகராது. அடித்தகடு துருப்பிடித்து, என் மகளின் ஒரு பக்கச் செருப்பு ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்தது. வளைவில் கதவு தானாகத் திறக்கும். கயிறு போட்டுப் பிடித்துக்கொள்வது என் வேலை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தக் கொதிப்பு. பத்து மைல் ஓடினால் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும், ரேடியேட்டர் மூடி வழியாக ஆவி பீறிடும். தண்ணீர்ப் பம்பை மாற்றினார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். கடைசியில் ரேடியேட்டரையே மாற்றினார். பம்புக்கு என் ஆடு இரண்டு போயின, ரேடியேட்டருக்கு என் வளையல்.

இதில் ஒரு கூத்து உண்டு. பகாவில் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், சாமித் தகட்டில் கை வைக்க மாட்டார்.

"மண்டோர், இது சாமி லா. நான் தொட மாட்டேன். நீயே கழட்டு."

இவர் தகட்டைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பெஞ்சின்மேல் வைப்பார். தவுக்கே வேலையை முடித்து, வண்டியைக் கோலப்பிலா வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். முள் அசையாது. காசை வாங்கிக்கொண்டு, "உன் சாமி ரொம்பப் பெரிசு லா மண்டோர்" என்பார். சாமியைப் புகழ்கிறார் என்று இவர் பூரித்துப்போய்த் தகட்டைத் திரும்பக் கட்டி, சூடம் காட்டி, வண்டியை எடுப்பார். தோட்டத்து வாசலுக்குள் வரும்போது ஆவி.

"தவுக்கே ஏமாத்திட்டான்!"

எனக்கு வண்டி தெரியாது, சூடு தெரியும். புகைக்கூடத்தில் காற்றுத் துவாரத்தை மூடினால் உள்ளே ஷீட் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடி வந்து நின்ற வெள்ளிக்கிழமைகளில் தகட்டின் பின்பக்கம் விரலைச் சுடும், வைத்த சந்தனம் நொடியில் வெடித்து உதிரும். ஒரு நாள் தைரியம் வந்து, "காத்து போற வழியில தகடு நிக்குதோ என்னவோங்க" என்றேன்.

"உசுரைக் காப்பாத்துன சாமியையே குத்தம் சொல்றியா?" என்றார், வாசலில் நாலு பேர் பார்க்க.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. என் வளையல் போனது அந்த மௌனத்தில்தான்.

அப்புறம் மகளுக்கு டீச்சர் பயிற்சிக்கான நேர்முகம் வந்தது. சிரம்பானில், காலை பத்து மணிக்கு. தோட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் வராத கடிதம். பஸ்ஸில் போகலாம் என்று நான் கெஞ்சினேன். சொந்த வண்டி நிற்கும்போது பஸ் எதற்கு என்றார். புக்கிட் புத்தூஸ் ஏற்றத்தில் பாதி வளைவு ஏறவில்லை, புஸ்ஸென்று ஆவி. வண்டியை ஓரங்கட்டினார். மகள் வெள்ளைச் சட்டையில் இறங்கி நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். அழவில்லை. "பரவாயில்லைம்மா, அடுத்த வருசம் எழுதிக்கிறேன்" என்றாள். அடுத்த வருடம் அவள் என்னோடு புகைக்கூடத்தில் நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

அவர் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, சாக்குத் துணியைப் போட்டு மூடியைத் திறந்து, ஓரத்து ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வண்டிக்கு முன்னால் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கட்டுக்கம்பியைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தேன். சூடு விரலைப் பொசுக்கியது.

"ஏ புள்ள! என்ன செய்ற நீ?"

"எம் மடியில உக்காந்து வரட்டும். சாமிக்கும் வேகாதா?"

"கட்டுனவன் நான். நேர்த்திக்கடன்!"

"நேர்ந்தது முன்னால வச்சு ஓட்டுறேன்னுதானே? நான் முன்சீட்டுலதான் இருக்கேன். ஏறுங்க."

வாழ்க்கையில் அவருக்கு நான் உத்தரவு போட்டது அது ஒரு தடவைதான். ஏறினார். தகட்டைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கதவுக் கயிறு ஒரு கையில், முனியாண்டி ஒரு கையில். மேடு முழுக்க முள்ளையே பார்த்தேன். அது நடுவைத் தாண்டவில்லை. இறக்கம் வந்தது, சிரம்பான் வந்தது. மகள் ஓடி உள்ளே நுழைந்தபோது அவளுக்கு முந்திய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அன்று சாயங்காலமே ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையில் இவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "முனியாண்டி என் காதுல வந்து சொன்னாருப்பா, எறக்கி வைடான்னு. நானே கழட்டுனேன்." எதிரே பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். அந்த வண்டி பழைய இரும்புக்குப் போகிறவரைக்கும் பெடாஸ் கல்யாணம், பகாவ் பசார் எங்கே போனாலும் தகடு என் மடியில்தான். நல்லது செய்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி முழங்கால் வலி.

இப்போது ஓய்வுபெற்ற டீச்சரம்மாவாகிவிட்ட என் மகளின் காரில் போகிறேன். குளுகுளு காற்று, முள் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை தகட்டைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தபோதும் ஈரமாகவே இருந்தது.

பம்பை முதலில் மாற்றினோமா, தெர்மோஸ்டாட்டையா, எனக்குச் சரியாக நினைவில்லை. போன ஆடு மூன்றாகவும் இருக்கலாம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது என் மகளிடம் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அப்படியே, அன்றைக்குத் தகட்டைக் கழற்றியது யார் என்பதையும் அவளிடமே கேட்டு, அதையும் சரியாக எழுதிவிடுங்கள்.