எஸ்தரைப் பார்க்காதவர்களுக்கு

எஸ்தர் இறந்துவிடுவாள் என்ற செய்தி, அவள் பிறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே எங்களுக்கு வந்துவிட்டது. கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டர். "இதோ கால், இதோ முதுகெலும்பு" என்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டர் நெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை, பக்கத்திலிருந்த உதவியாளரிடம் மட்டும் அளவுகளைச் சொன்னார். பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தபின் பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். இரண்டு இருக்கவேண்டிய குரோமோசோம் மூன்றாக இருக்கிறது, இதயம் சரியாக உருவாகவில்லை. வயிற்றிலேயே போய்விடலாம். பிறந்தால் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள்.

என் கணவர் ஸ்டீபன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குழந்தைக்கு வலிக்குமா டாக்டர்?"

நம் சபை இதழில், அந்த ஆண்டு நம்மைவிட்டுப் போனவர்களைப் பற்றி வீட்டார் எழுதுவது வழக்கம். நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்கு உரிய பக்கம் அது. ஒரு பகல் மட்டும் வாழ்ந்த என் மகளுக்காக அதில் இடம் கேட்டேன். உங்களில் பெரும்பாலோர் அவளைப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் எங்கள் வெட்கம்.

கருவைக் கலைத்துவிடவும் வழி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த பெற்றோரை நான் அறிவேன், அவர்கள் எங்களைவிடக் குறைவாக நேசித்தவர்கள் அல்ல. நாங்கள் சேலையூர் ஏரிப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றோம். "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் ஸ்டீபன். நானும் சரி என்றேன்.

வீட்டில் அத்தையிடம் சொன்னோம். ஸ்டீபனின் அம்மா தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய யார்கிட்டயும் மூச்சு வுடாதீங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "பொண்ணா இருந்தா எங்கம்மா பேரு எஸ்தர்னு வெக்கணும்னு இருந்தேன். அத இதுக்கு வெச்சிடாதீங்க. அடுத்ததுக்கு இருக்கட்டும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

தினமும் நாவலூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்காக முன்சீட்டை ஒதுக்கினார்கள். பெரும்பாக்கம் வருவதற்குள் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். "எப்போ டியூ? ஆசை என்ன, பையனா பொண்ணா?" நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். அவர்கள் நீட்டிய மாங்காய்த் துண்டையும் வாங்கித் தின்றேன். உரிமை இல்லாத ஒன்றை ஏமாற்றி வாங்கிக்கொள்கிறவள் மாதிரி இருக்கும். மற்ற பெண்கள் எல்லாரும் சுலபமாகச் செய்துவிடுகிற ஒரு காரியத்தை என் உடம்பு கெடுத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம். அது அறிவுக்கு ஒவ்வாதது என்று டாக்டர் சொன்னார், எனக்கும் தெரியும். தெரிந்தும் போகவில்லை.

நம் பெண்கள் ஐக்கியத்தில் ரத்னா அக்காவிடம் மட்டும் சொன்னேன். இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் என் வயிற்றில் கைவைத்து அழுது ஜெபித்தார். "அடுத்த ஸ்கேன்ல எல்லாம் நார்மலா வரும் பாரு. நீ சபையில எழுந்து நின்னு சாட்சி சொல்லத்தான் போற." அடுத்த ஸ்கேனில் எதுவும் மாறவில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் விசுவாசம்தான் போதவில்லை, அவர் ஜெபத்தை நான்தான் வீணாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் போனை எடுப்பதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாவரத்தில் எங்களை யாருக்கும் தெரியாத வேறொரு சபையின் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நாங்கள் வெளியூர் போயிருப்பதாக நீங்கள் நினைத்தீர்கள். நாங்கள் ஆறு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தோம்.

அவள் ஒரு காலைப்பொழுதில் பிறந்தாள். பெண் என்று அப்போதுதான் தெரிந்தது. மிகச் சிறியவள். குழாய்களும் இயந்திரங்களும் வேண்டாம், எங்களோடு இருக்கட்டும் என்று முன்பே டாக்டரிடம் பேசியிருந்தோம். அவளைத் துடைத்து என் நெஞ்சின்மேல் கிடத்தினார்கள். இதுபோன்ற கட்டுரைகளில் இறந்தவர் அடிக்கடி சொன்ன வார்த்தைகளை எழுதுவார்கள். அவள் அழக்கூட இல்லை. பால் குடித்து முடித்த பூனைக்குட்டி போல ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். நான் பேசினால் முனகல் நின்றது. பேச்சை நிறுத்தினால் மறுபடி வந்தது. அதனால் நான் பேசிக்கொண்டே இருந்தேன், வாய்க்கு வந்ததையெல்லாம்.

எப்படியோ தெரிந்து ஸ்டீபனின் சித்தி ஒருவர் வந்தார். கதவு திறந்ததும் என் கை தானாகத் துணியை இழுத்து அவள் விரல்களை மூடியது. அவள் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருந்தன, நீட்டினாலும் நீளாது. காதும் மற்ற குழந்தைகளுடையதைப் போல இல்லை, அதையும் மூடினேன்.

"குளுருதாம்மா குழந்தைக்கு?" என்று கேட்டார் சித்தி.

"ஆமா சித்தி."

அது வெயில் கொளுத்திய நாள். சித்தி போனதும் ஸ்டீபன் துணியை விலக்கினார். தன் சுண்டுவிரலை அந்த மடிந்த விரல்களுக்குள் நுழைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மதியத்துக்குப் பிறகு நம் ஆயர் ஞானஸ்நானம் கொடுக்க வந்தார். அவருக்கு மட்டும் ஸ்டீபன் சொல்லியிருந்தார். அதுவரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்த அத்தை, கதவருகில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஆயர் கிண்ணத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, "குழந்தையின் பெயர் என்ன?" என்று கேட்டார். ஸ்டீபன் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். நாங்கள் ஒரு பெயரும் யோசித்திருக்கவில்லை.

"ஆயர் கேக்குறாரு இல்ல? எஸ்தர்னு சொல்லேன்டா" என்றார் அத்தை.

"அம்மா, அந்தப் பேர நீங்க..."

"வந்தவ இவதானே. வராதவளுக்கு எதுக்குப் பேரு?"

ஞானஸ்நானம் முடிந்ததும் அத்தை கட்டிலருகே வந்து, பேத்தியை முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். "நெத்தி எங்க வூட்டு நெத்தி. மூக்கு மட்டும் உன்னுது" என்றார் என்னிடம். பிறந்த குழந்தையைப் பார்த்தால் எல்லாரும் சொல்கிற சாதாரணப் பேச்சு. அன்று வேறு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் நான் அழுதேன்.

இருட்டத் தொடங்கும்போது முனகல் குறைந்துகொண்டே வந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அடுத்த மூச்சு வருமென்று காத்திருந்தோம். வரவில்லை. வலித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போனேன். போகக்கூடாது என்றவர்களிடம் அத்தையே எனக்காகப் பேசினார். ஸ்டீபன் சின்னப் பெட்டியைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். குழியைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். நம் சபையில் யார் போனாலும் வாசல்வரை கூட்டம் நிற்கும். என் மகளுக்குச் சபையிலிருந்து கூட்டம் வராமல் போனதற்கு நீங்கள் காரணமல்ல. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. வெட்கம் என்னோடு நிற்கவில்லை, அவளுக்கு வரவேண்டிய மனிதர்களையும் வாசலிலேயே தடுத்துவிட்டது. என் வெட்கங்களிலெல்லாம் பெரிய வெட்கம் அதுதான். இன்றும் அது தீரவில்லை.

ஒரு மாதம் கழித்து ரத்னா அக்கா வீட்டுக்கு வந்தார்.

"ஏன்டி, குழந்த பொறந்ததக்கூட எங்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா. நீங்க அவ்ளோ நம்பிக்கையா ஜெபிச்சீங்க."

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாந்தான்டி உன்னைப் பேசவிடாம பண்ணிட்டேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருந்தா, சொல்லு" என்று கேட்டார். நான் சொன்னேன். நெற்றியை, முனகலை, மடிந்த விரல்களை, எதையும் மூடாமல் சொன்னேன். அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய எடை. நெஞ்சில் இடப்பக்கம், தோள்பட்டைக்குக் கீழே அவள் கிடந்த இடம். என்னை அறியாமல் கை அங்கே போய்விடுகிறது. போன வாரம் ஆபீஸ் கேன்டீனில், புதிதாகச் சேர்ந்த பெண் அதைக் கவனித்துவிட்டு, "என்னாச்சுக்கா, நெஞ்சு வலியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. என் பொண்ணு இங்கதான் படுத்திருந்தா" என்றேன்.