கொஞ்சம் முன்னால வாங்க

எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில் கல்யாணமோ சடங்கோ சாவோ, எது நடந்தாலும் முதலில் பந்தல்காரரைக் கூப்பிடுவார்கள். அடுத்து, போட்டோ எடுக்க என் வீட்டுக்காரர் லோகேஸ்வரனை. இடையில் ஹோட்டல்களுக்கு விளம்பரப் படங்களும் எடுப்பார். ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால், அந்த ஆவி கோப்பையிலிருந்து வந்ததென்று நம்பிவிடாதீர்கள். நான்தான் மேசைக்குப் பின்னால் குனிந்து ஊதுபத்தி பிடித்துக்கொண்டிருப்பேன். கடையில் கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில்தான். முகப்பரு, குப்பைத்தொட்டி, கரண்ட் கம்பி எல்லாவற்றையும் படத்திலிருந்து அழித்துவிடுவேன்.

வீட்டில் இவர் பேச்சை நாங்கள் வளர்க்கும் பூனைகூடக் கேட்காது. கேமராவைத் தூக்கிவிட்டால் மட்டும் ஆளே வேறு. "கொஞ்சம் முன்னால வாங்க" என்றால் தோட்டத்துத் துரையே வருவார். சிரிக்கச் சொன்னால் சாவு வீட்டில்கூட ஒருவராவது சிரித்துத் தொலைப்பார்.

இவருக்கு மசியாத ஒரே ஆள் வேலம்மா. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி லயத்தில், இவர் தங்கச்சி நவமணிக்குப் பக்கத்து வீடு. ஐசி என்கிற அடையாள அட்டைக்காக ஒரே ஒரு முறை படம் எடுத்துக்கொண்டார். அந்த வருடமே புருஷன் போய்ச் சேர்ந்தார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கேமராவைக் கண்டால் சிரித்துக்கொண்டே கையால் முகத்தை மறைத்துக்கொள்வார். "டேய் லோகா, என் ஆயுச உன் பொட்டிக்குள்ள போட்டுக்காத லா!"

தீபாவளிதோறும் அந்த லயத்துக் குடும்பங்களை வாசலில் நிறுத்திப் படம் எடுப்பது இவர் வழக்கம். வலப்பக்கம் செங்குத்தான மண்மேடு. அதன் மேலே காய்கறித் தோட்டம், அடியில் ஒரு விளக்குக் கம்பம். மலையூரில் தரையை நம்பிப் படத்தை நேராக்க முடியாது. எங்கு பார்த்தாலும் சரிவுதான். அதனால் எனக்கு ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார்: கம்பத்தை நிமிர்த்து, மற்றதெல்லாம் தானாக நேராகிவிடும். நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

இந்தத் தீபாவளிப் படத்தில் கம்பத்தை நிமிர்த்தினேன். நவமணி குடும்பம் மொத்தமும் வளைவில் திரும்பும் பஸ்ஸில் நிற்பவர்கள்போலச் சாய்ந்துவிட்டது.

"என்னங்க, உங்க தங்கச்சி வீட்டுல எல்லாரும் தண்ணி போட்டுட்டா நின்னாங்க?"

சிரித்துக்கொண்டே வந்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் கை வைக்காத பழைய தீபாவளிப் படங்களை எடுக்கச் சொன்னார். வரிசையாக வைத்துப் பார்த்தோம். மனிதர்கள் ஒவ்வொரு வருடமும் நேராகத்தான் நின்றிருந்தார்கள். கம்பம்தான் வருடத்துக்கு வருடம் வீடுகளின் பக்கம் சாய்ந்துகொண்டே வந்திருந்தது. கம்பம் தானாக நடக்குமா? மண் நடக்கிறது.

படங்களோடு தோட்டத்துக்கு ஓடினோம். "ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்றேன்," என்றார் மேனேஜர். ஒருவரும் வரவில்லை. நவமணிக்கோ மகள் யுவனேஸ்வரியின் நிச்சயதார்த்தக் கவலை.

"அண்ணே, நல்ல காரியம் நடக்கப்போற வீடு. மொதல்ல வாயக் கழுவுங்க."

அவள் புருஷன் ராதாகிருஷ்ணன் தோளைத் தட்டினார். "கம்பம் சாஞ்சா கரண்டுக்காரன் வந்து நிமித்துவான் லா, மச்சான்."

வேலம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுப் பின்கதவு கொஞ்ச நாளா மூடவே மாட்டேங்குது, தம்பி," என்றார். பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். "மழைக்குப் பலக ஊதியிருக்கும்."

நிச்சயதார்த்தம்வரை மழை விடவில்லை. அன்று காலைதான் வெறித்தது. மாப்பிள்ளை வீட்டார் கம்போங் ராஜாவிலிருந்து வேன்களில் வந்து இறங்கினார்கள். தட்டு மாற்றியாயிற்று. வேலம்மா தன் வீட்டு அடுப்படியில் எல்லாருக்கும் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். மேட்டின் அடி வாய்க்காலில் தண்ணீர் பால் கலந்த தேநீர்போல ஓடியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வாசலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தி, இவர் கேமராவில் கண் வைத்தார். உடனே கண்ணை எடுத்தார். மறுபடி வைத்தார். காலையில் கூரை விளிம்புக்கு வெளியே நின்ற கம்பம் இப்போது விளிம்பைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஓடுங்கள் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இல்லாவிட்டால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இவர் சொன்னது வேறு.

"குரூப் போட்டோ! லயத்துல இருக்கற எல்லாரும் வாங்க! கொஞ்சம் முன்னால வாங்க!"

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பின்னால் நடந்தார். கூட்டம் முன்னால் வந்தது. "இன்னும் கொஞ்சம்." ரோட்டைத் தாண்டினார்கள். "இன்னும், இன்னும்." பட்டுச்சேலைகள் சேற்றில் புரள, மாப்பிள்ளையின் அத்தை திட்டிக்கொண்டே வந்தார். "மச்சானுக்குப் பைத்தியம் லா," என்று சிரித்த ராதாகிருஷ்ணனும் வந்தார். பந்து விளையாடும் திடலின் நடுவரை அத்தனை பேரையும் கூட்டிவந்துவிட்டார்.

"வேலம்மாக்கா! நீங்களும் வாங்க!"

வேலம்மா கரண்டியோடு வாசலில் எட்டிப் பார்த்தார். கேமராவைக் கண்டதும் சிரித்தார். வழக்கம்போலக் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். "நீங்க எடுத்துக்கங்கடா, கேசரி அடிபிடிக்குது," என்று உள்ளே போய்விட்டார்.

இவர் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். "அக்கா! போட்டோ இல்லக்கா! மண்ணு! மண்ணு!"

ராதாகிருஷ்ணன் பாய்ந்து இவரை இடுப்போடு பிடித்து இழுத்தார். லோரி கல் கொட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது கம்பமும் இல்லை, கடைசி லயமும் இல்லை.

திடலில் நின்ற யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. இவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை, சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

காரியம் முடிந்து, வேலம்மாவின் மகள் அன்பரசி ஈப்போவிலிருந்து கடைக்கு வந்தாள். பத்திரிகையில் நினைவஞ்சலி போட அம்மாவின் படம் வேண்டும். ஐசிகூட மண்ணோடு போயிருந்தது. எத்தனையோ வருடத்துப் படங்களைத் தேடினோம். ஓரத்தில் முதுகு, முந்தானை, முழங்கை. கடைசியாக இந்தத் தீபாவளிப் படத்தில், நவமணிக்குப் பின்னால் முழு உருவமாக வேலம்மா நின்றார். கை மட்டும் முகத்தின்மேல்.

நான் கம்பத்தை நிமிர்த்தி வைத்திருந்த படம் அது. இவர் என் கையிலிருந்து மவுஸை வாங்கி, வேலம்மா நேராக நிற்கும்வரை படத்தைத் திருப்பினார். கம்பம் சாய்ந்தது.

அன்பரசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க எது வேணும்னாலும் அழிப்பீங்களே. அம்மா கைய மட்டும் எடுத்துருங்க. முகத்தப் பாக்கணும்."

இவர் மவுஸைக் கீழே வைத்தார்.

"கைய எடுத்துரலாம்மா. அதுக்குப் பின்னால முகம் இருக்காது."